அம்பாசடர் பின் ஆக்சிலில் ஊளைச் சத்தம்: டிஃபரன்ஷியலைத் திறக்கலாமா?

பாலக்கோட்டார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1994 மாடல் அம்பாசடர் டீசல். அப்பா வாங்கிய வண்டி. தருமபுரிக்கும் ஓசூருக்கும் சேலத்துக்கும் இன்றும் இதில்தான் போய்வருகிறேன். நிறுத்திவைத்து அழகு பார்க்கும் வண்டி அல்ல.

கொஞ்ச காலமாகப் பின்பக்கத்தில் ஓர் ஊளைச் சத்தம் கேட்கிறது. 45 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குகிறது, 60ஐத் தாண்டினால் குறைகிறது. ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்போது மெல்லியதாகவும், காலை எடுத்தவுடன் பெரிதாகவும் வருகிறது. அத்துடன் வண்டி புறப்படும்போதும், கியர் மாற்றிக் கிளச்சை விடும்போதும் அடியில் 'டக்' என்று ஓர் அடி விழுகிறது. இடது பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் ஈரம் தெரிகிறது.

இரண்டு பட்டறைகளில் காட்டினேன். ஒருவர் பின் சக்கரங்களைத் தாங்கும் முழு ஆக்சிலையும் கழற்றி வீசிவிட்டுப் பழைய சாமான் கடையில் இருந்து வேறொன்று வாங்கிப் போட வேண்டும் என்கிறார். மற்றவர் 140 நம்பர் கெட்டி கியர் ஆயில் ஊற்றினால் சத்தம் போய்விடும் என்கிறார். இருவருமே வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. எனக்கு இரண்டு முடிவுகளிலும் மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஊத்தங்கரை ஜீப்:

140 ஊற்றுங்கள் அண்ணா. என் ஜீப்பில் ஊற்றினேன், சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. செலவும் குறைவு.

காரிமங்கலம் பட்டறை:

பாலக்கோட்டார் அவர்களுக்கு. நான் அம்பாசடர், பத்மினி, ஜீப் என்று பழைய வண்டிகளிலேயே கை பழகியவன். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: சத்தத்தைக் கேட்காமல் ஆக்சிலைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஆக்சிலின் நடுவில் இருந்து இன்ஜினின் சுழற்சியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல். அதன் உள்ளே இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் இத்தனை ஆண்டுகள் ஒன்றோடொன்று உரசி, ஒரு தடத்தில் அமர்ந்துவிட்ட ஜோடி. அதைப் பிரிப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதில் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கலாம். ஊளை ஒன்று, 'டக்' ஒன்று, எண்ணெய்க் கசிவு ஒன்று. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால்தான் 'முழு ஆக்சிலையும் மாற்று' என்ற தீர்ப்பு வரும்.

ஊளையை எடுத்துக்கொள்வோம். பின்னால் இருந்து வரும் சத்தமெல்லாம் டிஃபரன்ஷியல் சத்தம் ஆகாது. டயர் சத்தம் சாலை மாறினால் மாறும். கரடுமுரடான தார்ச் சாலையில் ஒரு மாதிரியும், வழவழப்பான புதுச் சாலையில் வேறு மாதிரியும் கேட்கும். டிஃபரன்ஷியலுக்குச் சாலை எதுவென்று தெரியாது. எந்தச் சாலையிலும் அதே குரலில்தான் ஊளையிடும். பாலக்கோட்டில் இருந்து இராயக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் ஓட்டுங்கள், பிறகு நான்குவழிச் சாலையில் ஏறி அதே வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் மாறவில்லை என்றால் டயரை மறந்துவிடலாம்.

அடுத்து சக்கர பேரிங். ஆளில்லாத அகலச் சாலையில், மிதமான வேகத்தில், ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் சாய்த்து ஓட்டுங்கள். வண்டியின் பாரம் ஒரு பக்கம் போகும்போது சத்தம் கூடி, மறுபக்கம் போகும்போது குறைந்தால் அது சக்கர பேரிங். எந்த மாற்றமும் இல்லை என்றால் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கூட்டைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது கியர்பாக்ஸ். 50 கிலோமீட்டர் வேகத்தை டாப் கியரிலும் மூன்றாம் கியரிலும் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் வேகம் மாறினாலும் ஊளையின் குரல் மாறவில்லை என்றால் சத்தம் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வண்டியில் டாப் கியர் நேரடி ஓட்டம். கியர்பாக்ஸின் பற்கள் வழியாகப் பாரம் போவதில்லை. ஆகவே டாப்பிலும் அதே ஊளை என்றால் சந்தேகம் இன்னும் உறுதிப்படும்.

காலை எடுத்தால் சத்தம் கூடுகிறது என்கிறீர்கள். அதுதான் எனக்கு முக்கியமான துப்பு. பாரம் இழுக்கும்போது மட்டும் ஊளை என்றால் கிரவுன், பினியன் பற்களின் ஓட்டுமுகம், அதாவது இழுக்கும்போது பாரம் தாங்கும் முகம், தேய்ந்திருக்கலாம். காலை எடுக்கும்போது கூடினால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறதா, பினியன் நட்டு இளகியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். திருப்பத்தில் மட்டும் கரகரவென்றால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்டார் கியர்கள். எந்நேரமும் ஒரே உறுமல் என்றால் பக்கவாட்டுப் பேரிங்குகள்.

தொப்பூர் லாரி:

வணக்கம் அண்ணா. நான் சேலம், பெங்களூரு வழித்தடத்தில் லாரி ஓட்டுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சத்தம் சோதிப்பதற்காக நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடச் சொல்லி யாராவது எழுதுவார்கள். அதைச் சமதளத்தில் செய்யுங்கள். தருமபுரியில் இருந்து சேலம் இறங்கும் தொப்பூர்க் கணவாயில் தயவுசெய்து செய்ய வேண்டாம். அந்த இறக்கத்தில் நியூட்ரலில் இறங்கிய வண்டிகளின் கதியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இடது சக்கரத்தில் எண்ணெய் ஈரம் என்கிறீர்கள். அது பிரேக் டிரம்முக்குள் போய், உரசி வண்டியை நிறுத்தும் லைனிங்கில் இறங்கியிருந்தால் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும். ஊளை ஆளைக் கொல்லாது. முதலில் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். அதுவரை கணவாயில் இறங்காதீர்கள்.

ஓசூர் பொறியாளர்:

நல்ல தொடக்கம். பல்சக்கரம் தயாரிக்கும் துறையில் வேலை செய்கிறேன். கொஞ்சம் கணக்கோடு சேர்த்துச் சொல்கிறேன்.

15 அங்குலச் சக்கரத்தில் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8 சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். கிரவுனில் 41 பல், பினியனில் 9 பல் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 330 முறைக்கு மேல் பல்லோடு பல் சேரும். அது காதுக்கு ஒரு சுருதியாகக் கேட்கும். வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறும். சக்கர பேரிங் கெட்டால் வருவது சுருதி இல்லாத கரடான உறுமல். பாலக்கோட்டார் 'ஊளை' என்று எழுதியிருக்கிறார், 'உறுமல்' என்று எழுதவில்லை. அந்த ஒரு வேறுபாடே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

45க்கும் 60க்கும் இடையில் மட்டும் பெரிதாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. பல் சேரும் அதிர்வு, ஆக்சிலின் கூடும் வண்டியின் உடலும் தாமாகவே அதிரும் எண்ணோடு ஒத்துப்போகும்போது சத்தம் பெருகும். அந்த வேகத்தைத் தாண்டினால் அடங்கும். நோய் மறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளல்ல.

140 ஆயில் பற்றி. இது ஹைப்பாய்டு வகை. பினியன், கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தாழ்ந்து அமைந்திருக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவும் செய்கின்றன. பல்முகத்தில் அழுத்தம் மிக அதிகம். சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துவிடும். கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் கொண்ட ஜி.எல்.-5 தர எண்ணெய் வேண்டும். அந்தக் கந்தக நெடியைக் கியர் ஆயிலைத் திறந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். தரம் வேறு, கெட்டித்தன்மை வேறு. 90, 140 என்பவை கெட்டித்தன்மை மட்டுமே. கெட்டியான எண்ணெய் சத்தத்தை அமுக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. இன்னொரு தீங்கும் உண்டு: பினியனின் முன் பேரிங்குக்கு எண்ணெய் தானாகப் போவதில்லை, கிரவுன் சுழன்று வாரி இறைப்பதில் ஒரு பங்கு ஒரு வழியாக ஓடி அங்கே போய்ச்சேர வேண்டும். ஓசூர்ப் பக்கத்து மார்கழி விடியலில் 140 எண்ணெய் அந்த வழியில் எவ்வளவு மெதுவாக ஓடும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஜி.எல்.-5 நல்லது என்று கேள்விப்பட்டுப் பழைய கியர்பாக்ஸிலும் அதையே ஊற்றிவிடாதீர்கள். உள்ளே பித்தளை, வெண்கல வளையங்கள் உள்ள கியர்பாக்ஸ்களுக்கு அந்தச் சேர்மானங்கள் ஆகாமல் போகலாம். கியர்பாக்ஸுக்குக் கையேட்டில் சொன்னதை மட்டும்.

ஊத்தங்கரை ஜீப்:

சத்தம் குறைந்தால் போதாதா? நான் வாடகைக்கு ஓட்டுகிறவன், எனக்கு வண்டி ஓடினால் சரி. முன் பேரிங்குக்கு எண்ணெய் போகாது என்றால் ஏன் இத்தனை லாரிகள் 140இல் ஓடுகின்றன?

ஓசூர் பொறியாளர்:

நியாயமான கேள்வி. லாரியின் ஆக்சில் அந்த எண்ணெய்க்கு என்று வடிவமைக்கப்பட்டது. எண்ணெய் போகும் வழியின் அகலம், பேரிங்கின் அளவு, சுமை எல்லாம் வேறு. உங்கள் ஜீப்பின் கையேடு 140க்கு அனுமதி தந்தால் தாராளமாக ஊற்றுங்கள். 90 என்று இருக்கும் இடத்தில் சத்தத்தை மறைப்பதற்காக 140க்குப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அரூர் பத்மினி:

நான் ஒரு பத்மினி வைத்திருக்கிறேன். பழைய ஆக்சில் வாங்குவது பற்றிப் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் டிஃபரன்ஷியல் கூட்டு வாங்கினோம். கையால் சுற்றினால் அவ்வளவு அமைதி. மாட்டுவதற்கு முன் எண்ணெயை வடித்தபோது சேற்றுக் கூழ் போல மரத்தூள் வந்தது. சத்தத்தை விழுங்குவதற்காக மரத்தூளைக் கலப்பது மிகப் பழைய ஏமாற்று வேலையாம். கழுவிப் பார்த்தால் பினியன் பற்களில் குழிகள்.

ஆகவே சென்னைப் புதுப்பேட்டை போனாலும் பெங்களூரு போனாலும், கூட்டைத் திறந்து காட்டாமல் வாங்காதீர்கள். பல் விகிதத்தையும் சோதியுங்கள். நியூட்ரலில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, அதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் கியர்பாக்ஸில் இருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். கழற்றிய கூட்டு என்றால் பற்களை எண்ணி வகுத்துவிடலாம். வேறு விகிதத்தைப் போட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், ஏற்றத்தில் இன்ஜின் திணறலாம்.

காரிமங்கலம் பட்டறை:

சகோதரி சொன்ன சோதனைக்குச் சக்கரத்தைத் தூக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியரில் போட்டு வைத்தாலும் வண்டி நிற்காது. டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான். தரையில் இருக்கும் சக்கரம் உருளும், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக்கும் பின் சக்கரங்களுக்குத்தான். இரண்டையும் தூக்கிவிட்டால் அதுவும் பயன்படாது. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்; பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

பாலக்கோட்டார், அடியில் படுத்தபிறகு பார்க்க வேண்டியவை. புரொப்பல்லர் ஷாஃப்டை ஒரு கையாலும், பினியன் முனையில் இருக்கும் பிளாஞ்ச் என்ற வட்டத் தகட்டை மறு கையாலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். இரண்டையும் இணைக்கும் கிராஸ் என்ற மூட்டில் ஆட்டம் இருந்தால் அங்கேயே கையில் தெரியும். மூடியின் ஓரத்தில் துருநிறப் பொடி இருந்தால் கிரீஸ் தீர்ந்து ஊசி பேரிங் அரைபட்டிருக்கிறது. பிறகு பிளாஞ்சை மேலும் கீழும் உலுக்குங்கள். சுற்றுவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு, அது பற்களுக்கு இடையேயான இடைவெளி. மேல் கீழாக ஒரு மயிரிழை ஆட்டம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போய்விட்டது.

ஆக்சிலோடு பிணைத்திருக்கும் பட்டை வில்லின் யு-போல்ட்டுகளையும் நடு போல்ட்டையும் பாருங்கள். நடு போல்ட் வெட்டிவிட்டால் ஆக்சில் இடம் நகர்ந்து, புறப்படும்போது இதே 'டக்' சத்தம் வரும். ஆக்சிலைக் குறை சொல்லிக் கழற்றி, கடைசியில் ஒரு போல்ட்டோடு முடிந்த வேலைகள் உண்டு.

அப்புறம் பிரீதர். ஆக்சில் குழாயின் மேல் சிறிய மூடி ஒன்று இருக்கும். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும். அது வெளியேறும் மூச்சுக்குழல் அதுதான். சேறு அடைத்துக்கொண்டால் அழுத்தம் கூடி, கசிவைத் தடுக்கும் ஆயில் சீல் வழியாகவே எண்ணெயைத் தள்ளும். சீலை மட்டும் மாற்றிவிட்டுப் பிரீதரை விட்டால் புதுச் சீலும் கசியும்.

பாலக்கோட்டார்:

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இராயக்கோட்டைச் சாலையிலும் நான்குவழிச் சாலையிலும் ஊளை ஒன்றுதான். இடம் வலம் சாய்த்ததில் மாற்றமில்லை. டாப் கியர், மூன்றாம் கியர் இரண்டிலும் ஒரே வேகத்தில் ஒரே குரல்.

இடது டிரம்முக்குள் லைனிங் முழுவதும் எண்ணெய் குடித்திருக்கிறது. தொப்பூர் நண்பருக்குத் தனி நன்றி; அந்த நிலையில் நான் சேலம் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. பின் கிராஸில் நன்றாகத் தெரியும் ஆட்டம், மூடி ஓரத்தில் துருப்பொடி. யு-போல்ட், நடு போல்ட் சரியாக உள்ளன. பிரீதர் இருக்கும் இடமே தெரியாத அளவுக்குச் சேறும் எண்ணெயும் கலந்து கல்லாக இறுகியிருந்தது. பினியன் பிளாஞ்ச் மேல் கீழாக இலேசாக அசைகிறது. பினியன் சீலும் ஈரமாக உள்ளது.

எண்ணெயை வடிக்கலாமா?

காரிமங்கலம் பட்டறை:

வடிக்கும் முன் நிரப்பும் பிளக்கைத் திறந்துவிடுங்கள். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், எண்ணெயை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்க நேரும். திறந்ததும் விரலை விட்டு மட்டம் பாருங்கள். எண்ணெய் அந்தத் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து வடித்தால் அடியில் படிந்ததும் சேர்ந்து வரும். தட்டில் பிடித்து ஒரு காந்தத்தை அதில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டினால் இயல்பான தேய்மானம். செதில் செதிலாக வந்தால் பேரிங் உரிகிறது. முனை உள்ள துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது, அதன்பின் வண்டியை ஓட்டக் கூடாது. எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பாலக்கோட்டார்:

மட்டம் விளிம்புக்கு வெகு கீழே. விரலின் நுனிகூட நனையவில்லை. எண்ணெய் கரிய நிறம். பசையும் கொஞ்சம் மெல்லிய செதிலும் காந்தத்தில் ஒட்டின. துண்டு ஏதும் இல்லை.

ஓசூர் பொறியாளர்:

இப்போது கதை முழுதாகத் தெரிகிறது. பிரீதர் அடைத்தது, அழுத்தம் சீல்களைத் தள்ளியது, மட்டம் இறங்கியது. மட்டம் இறங்கினால் முதலில் பட்டினி கிடப்பது பினியனின் முன் பேரிங்தான், ஏனென்றால் அது வாரி இறைக்கப்படும் எண்ணெயை நம்பி இருக்கிறது. அந்த பேரிங் தேய்ந்து பினியன் அசைந்ததும், காலை எடுக்கும்போது பற்கள் தங்கள் தடத்தை விட்டு விலகின. அதுதான் ஊளை. திறக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. ஆனால் கிரவுனையும் பினியனையும் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது.

காரிமங்கலம் பட்டறை:

நானும் அதையே நினைக்கிறேன். இரண்டு ஆக்சில் ஷாஃப்டுகளையும் வெளியே இழுத்தால் டிஃபரன்ஷியல் கூட்டு முன்பக்கமாக வந்துவிடும் அமைப்பு இது. நல்லவேளை, முழு ஆக்சிலையும் இறக்க வேண்டியதில்லை. புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பிளாஞ்சுகளிலும் உளியால் ஒரு கோடு போட்டு அடையாளம் வையுங்கள். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் புது அதிர்வு வந்துசேரும். விருப்பமிருந்தால் கூட்டை என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், மேசையில் வைத்து நாமே அளப்போம்.

அரூர் பத்மினி:

அளக்கும்போது கிடைத்த எண்களையும் இங்கே எழுதுங்கள். 'சரிசெய்தாகிவிட்டது' என்று மட்டும் எழுதினால் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

காரிமங்கலம் பட்டறை:

பாலக்கோட்டார் கூட்டைக் கொண்டுவந்தார். சேர்ந்து பார்த்தோம். சகோதரி கேட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் டயல் கேஜ் வைத்துக் கிரவுனின் பல் இடைவெளியைச் சுற்றிலும் சில இடங்களில் அளந்தோம். 0.22 மில்லிமீட்டரில் இருந்து 0.25 வரை. இந்த அளவுள்ள கார்களில் புது ஜோடிக்குப் பொதுவாக 0.10இல் இருந்து 0.20 வரைக்குள் வைப்பார்கள். தேய்ந்த வண்டிக்கு இது பயப்படும் எண் அல்ல. ஓர் இடத்துக்கும் மற்றோர் இடத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லாததால் கிரவுன் கோணவில்லை என்று தெரிந்தது.

பிறகு பற்களில் நீல மை தடவி, கிரவுனுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுத்துச் சுற்றினோம். ஓட்டுமுகத்தில் தடம் நடுவில் நீள்வட்டமாக அழகாக விழுந்தது. மறுமுகத்தில், அதாவது காலை எடுக்கும்போது பாரம் தாங்கும் முகத்தில், தடம் சிதறி விழுந்தது. பினியன் தளர்ந்து ஆடினால் இப்படித்தான் இருக்கும். பற்களில் குழியோ செதிலோ இல்லை.

மை தடத்தை எப்படிப் படிப்பது என்று பலர் கேட்பதால் இங்கேயே சொல்கிறேன். கிரவுன் பல்லின் அடியில் தடம் விழுந்தால் பினியன் உள்ளே அதிகம் போயிருக்கிறது, பின்னுக்கு இழுக்க வேண்டும். உச்சியில் விழுந்தால் பினியன் வெளியே நிற்கிறது, உள்ளே தள்ள வேண்டும். இதைப் பினியன் ஷிம், அதாவது இடையில் வைக்கும் மெல்லிய தகடு, தீர்மானிக்கும். பல்லின் உள்முனையில் விழுந்தால் கிரவுன் பினியனை நெருக்குகிறது, விலக்க வேண்டும். வெளிமுனையில் விழுந்தால் விலகி நிற்கிறது, நெருக்க வேண்டும். இதைப் பக்கவாட்டு பேரிங் ஷிம்கள் தீர்மானிக்கும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் நகரும், பொறுமை வேண்டும்.

பக்கவாட்டு பேரிங் மூடிகளைக் கழற்றும் முன் இடது, வலது என்று குத்துளியால் புள்ளி வைத்தோம். அவை இடம் மாறினால் துளை வட்டமாக இருக்காது. பினியனை வெளியே எடுத்தபோது முன் பேரிங்கின் கிண்ணத்தில், அதாவது வெளி வளையத்தில், உரிந்த தழும்புகள் பளிச்சென்று தெரிந்தன. பின் பேரிங் மங்கியிருந்தது. பக்கவாட்டு பேரிங்குகள் நன்றாக உள்ளன.

ஊத்தங்கரை ஜீப்:

பேரிங் மாற்றினால் கிரவுன் பினியனையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும் என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறார். இல்லாவிட்டால் ஊளை வரும் என்கிறார். அது சரியா?

ஓசூர் பொறியாளர்:

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. பழைய பற்களைப் புதுப் பற்களுக்கான எண்ணில் வைத்து இறுக்கினால் ஊளை வரும். தேய்ந்த பல்லுக்கு அதன் தடம் எங்கே இருக்கிறதோ அங்கேயே அது ஓட வேண்டும். கழற்றும் முன் இடைவெளியை அளந்து வைப்பதன் பயன் இதுதான். 0.22 முதல் 0.25 வரை என்று பழகிய கிரவுனைப் புத்தகத்தில் உள்ளது என்பதற்காக 0.15க்கு நெருக்கினால், இதுவரை உரசாத விளிம்புகள் உரசத் தொடங்கும்.

பினியன் ஷிம் பழையதே போதும் என்று விட்டுவிடவும் கூடாது. பழைய பின் பேரிங்கின் உயரத்தையும் புதியதன் உயரத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து, வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு ஷிம்மில் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அப்போது பினியன் பழைய இடத்திலேயே நிற்கும்.

பல் உடைந்தோ குழி விழுந்தோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் கிரவுனையும் பினியனையும் ஒன்றாக ஓடவிட்டுத் தேய்த்து ஜோடி சேர்த்து, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். வேறு வேறு எண்ணுள்ளவற்றைக் கடைக்காரர் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பேரிங்குகளுக்கு வண்டியின் பெயரைச் சொல்லிக் கடை கடையாக அலைய வேண்டாம். கூம்பு உருளை பேரிங்குகளின் முகத்தில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் நல்ல பேரிங் கடையில் கிடைக்கும். ஓசூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பாருங்கள். கிண்ணத்தையும் கூம்பையும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டும்போது எண்ணெயில் போட்டு 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் தானாக இறங்கும். காஸ் கட்டரின் தீயைக் காட்டினால் பேரிங்கின் உறுதி போய்விடும்.

பாலக்கோட்டார்:

பேரிங்குகள், பினியன் சீல், இரண்டு ஆக்சில் சீல், கிராஸ், பிரேக் லைனிங் எல்லாம் வாங்கியாகிவிட்டது. லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போட்டால் போதாதா என்று கடைக்காரர் கேட்டார்.

தொப்பூர் லாரி:

போதாது அண்ணா. எண்ணெய் லைனிங்கின் உள்ளே ஊறியிருக்கும். சூடானதும் வெளியே வரும், அதுவும் இறக்கத்தில் பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில். இரண்டு பக்கமும் புதியது போடுங்கள்.

காரிமங்கலம் பட்டறை:

இன்று பினியனைக் கட்டி முடித்தோம். பேரிங்கின் முன்னிறுக்கத்தை, அதாவது ஆட்டம் இல்லாதபடி கட்டும்போதே கொடுக்கும் இறுக்கத்தை, எப்படி அளந்தோம் என்பதை எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பட்டறைகளில் இதைக் கையின் பலத்தை வைத்தே முடித்துவிடுகிறார்கள்.

சீல் போடாமல், கிரவுனைச் சேர்க்காமல், பினியனை மட்டும் கட்டிய நிலையில் பிளாஞ்சில் நூல் சுற்றி, அதன் முனையில் வில் தராசை மாட்டி, ஒரே சீராக இழுக்க வேண்டும். சுற்றத் தொடங்கும் கணத்தில் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டும் எண்ணை எடுக்க வேண்டும். பிளாஞ்சின் ஆரம் 5 சென்டிமீட்டர், தராசு 2.5 கிலோ காட்டினால் முறுக்கு 12.5 கிலோ சென்டிமீட்டர். கையேட்டில் உள்ள எண்ணோடு இதை ஒப்பிட வேண்டும். குறைந்தால் பினியன் ஆடும், கூடினால் பேரிங் சூடாகி எரியும்.

இந்த வண்டியில் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் கெட்டியான குழாயும் மெல்லிய ஷிம்களும் உள்ளன. ஷிம்மை மாற்றி மாற்றி எண்ணைப் பிடிக்க வேண்டும். பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் நசுங்கும் குழாய் இருக்கும். அதில் நட்டை இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கி இறுக்கம் வரும். தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது, புதுக் குழாய்தான் போட வேண்டும். ஆகவே நட்டில் ஸ்பேனரை வைக்கும் முன் உள்ளே எந்த அமைப்பு என்று அறிந்துகொள்ளுங்கள். சீல் கசிகிறது என்று நட்டைக் கழற்றி, இரும்புக் குழாயைக் கைப்பிடியில் செருகி முழு பலத்தோடு இறுக்கிக் கெடுத்த டிஃபரன்ஷியல்கள் ஏராளம்.

கிரவுனைச் சேர்த்து, இடைவெளியைப் பழைய எண்ணுக்கே கொண்டுவந்து, மறுபடி மை தடவினோம். இப்போது இரண்டு முகங்களிலும் தடம் நடுவில் நிற்கிறது. அதைப் பார்த்தபோது கிடைத்த நிறைவு பெரிது.

பாலக்கோட்டார்:

வண்டி சாலைக்கு வந்துவிட்டது. ஜி.எல்.-5 தரத்தில் 90 எண்ணெயை விளிம்பு வரை நிரப்பினோம். பிரீதர் சுத்தமாக மூச்சு விடுகிறது. பாரம் ஏற்றாமல், வேகம் கூட்டாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, கூட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, ஆனால் கையை வைத்திருக்க முடிந்தது.

'டக்' முற்றிலும் போய்விட்டது. ஊளை ஏறக்குறைய இல்லை. 55 கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காலை எடுத்தால் மட்டும் மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது. தொப்பூர் வழியாகச் சேலம் போய்வந்தேன். பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கிறது. அந்த மிச்சச் சத்தத்துக்காக மறுபடி திறக்க வேண்டுமா?

காரிமங்கலம் பட்டறை:

வேண்டாம். தளர்ந்த பேரிங்கோடு ஓடிய காலத்தில் அந்த முகம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அந்தத் தழும்பின் குரல் அது. கூடாமல் இருக்கும்வரை ஓட்டுங்கள். 1000 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை வடித்து மாற்றுங்கள், புதுப் பேரிங்குகள் அமரும்போது வரும் துகள் போய்விடும். அதன்பின் ஒவ்வொரு முறை இன்ஜின் ஆயில் மாற்றும்போதும் ஆக்சில் மட்டத்தைப் பாருங்கள். விளிம்புக்கு மேல் திணிக்க வேண்டாம், அதிகமானாலும் சீலைத் தாண்டி டிரம்முக்குத்தான் போகும்.

ஊத்தங்கரை ஜீப்:

இதைப் படித்துவிட்டு என் ஜீப்பின் அடியில் படுத்தேன். பின் ஆக்சில் பிரீதர் சேற்றில் புதைந்திருக்கிறது. மட்டமும் குறைவு. பிளாஞ்சில் மேல் கீழ் ஆட்டம் இல்லை. 140ஐ வடித்துவிட்டு 90 வாங்கி ஊற்றப் போகிறேன். வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா அண்ணா?

காரிமங்கலம் பட்டறை:

ஃபோர் வீல் வண்டி என்றால் முன் ஆக்சிலுக்கும் தனி டிஃபரன்ஷியல், தனி பிரீதர், தனி மட்டம் உண்டு தம்பி. அதையும் இன்றே திறந்து பாருங்கள். ஆற்றிலோ ஏரிக்கரைச் சேற்றிலோ இறக்கி ஓட்டுகிறவர் என்றால் எண்ணெயின் நிறத்தைக் கவனியுங்கள். பால் நிறம் தெரிந்தால் இரண்டு ஆக்சிலிலும் எண்ணெயை மாற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.